செவியும் நாவும் இல்லாத தேர்வு

நம் இலக்கண மரபில் கற்றலுக்கு மற்றொரு பெயர் கேட்டல். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் கற்கும் முறையை விளக்கும் பகுதிக்குப் 'பாடம் கேட்டலின் வரலாறு' என்றே பெயர். முதலில் செவி, அடுத்து நா, அதற்கும் பிறகே ஏடு. அத்தகைய மரபில் வந்த நாம், பிள்ளைகள் ஓர் அயல்மொழியை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள் என்று அளப்பதற்கு ஏற்படுத்தியிருக்கும் தேர்வில், செவிக்கும் நாவுக்கும் ஒற்றை மதிப்பெண்கூட ஒதுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கிலத் தாளைத்தான் சொல்கிறோம்.

இரண்டு தாள்களாக இருந்த இத்தேர்வு 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளாக்கப்பட்டது. மொத்தம் 100 மதிப்பெண். தேற 35 போதும். சொற்பொருளும் எதிர்ச்சொல்லும் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள், பாட வினாக்கள், இலக்கணம், துணைப்பாடக் கதை, மனப்பாடச் செய்யுள், கடிதம், விளம்பரம், படம் பார்த்து எழுதுதல், வழி சொல்லும் வரைபடம் என்று எல்லாம் அதில் உண்டு. வினாத்தாளை மட்டும் பார்ப்பவர், நிறைவான தேர்வு என்றே சொல்வார். ஆனால் இவற்றுள் பெரும்பகுதி பாடநூலுக்குள்ளிருந்து வருவது. எஞ்சியதன் வடிவமும் முன்கூட்டியே தெரிந்தது. எது வரும் என்று தெரிந்துவிட்ட தேர்வில் மொழியறிவுக்கு வேலை குறைவு, நினைவாற்றலுக்கே வேலை அதிகம்.

அதனால்தான் 'மினிமம் மெட்டீரியல்' என்றொரு தனி இலக்கியவகை இங்கே செழித்திருக்கிறது. எந்தப் பாடத்தைக் கேட்டாலும், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் மாற்றி எழுதிவிடக்கூடிய பொதுப் பத்தி ஒன்று அதில் இருக்கும். ஆசிரியர் பெருமக்களை இதற்காகக் குறைகூற நாம் விரும்பவில்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே அவர்களுடைய உழைப்பு எடைபோடப்படுகிறது. தன் பெயரைக்கூடப் பிழையின்றி எழுதத் தடுமாறும் பிள்ளையை ஓராண்டில் 35க்குக் கொண்டுவந்து நிறுத்தவேண்டிய ஒருவர், கையில் கிடைக்கும் கயிற்றைத்தான் பிடிப்பார். பிழை, அந்தக் கயிற்றைத் தவிர வேறெதையும் விட்டுவைக்காத தேர்வினுடையது.

வரைபட வினா ஒன்றே நம் வாதத்துக்குப் போதும். பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்று அந்நியர் ஒருவருக்கு வழி சொல்லவேண்டும். வாயைத் திறந்து செய்யவேண்டிய இந்தச் செயலை நம் மாணவர்கள் தாளில் எழுதுகிறார்கள். 'நேராகச் செல்லுங்கள், இடப்புறம் திரும்புங்கள்' என்ற வாய்பாடு மனத்தில் பதிந்திருந்தால் முழு மதிப்பெண். அதே மாணவரிடம் சென்னை சென்டிரலில் ஒரு வடநாட்டுப் பயணி ஆங்கிலத்தில் வழி கேட்டால் என்ன நிகழும் என்பதை அந்த மதிப்பெண் நமக்குச் சொல்லாது.

மனப்பாடத்தை இழிவாகக் கருதுவோர் அல்லோம் நாம். தமிழ் படித்தவர் எவரும் அப்படிக் கருத இயலாது. ஆனால் சிறுவயதில் பொருள் புரியாமல் நெட்டுருச் செய்த குறள், வீட்டிலும் தெருவிலும் புழங்கும் மொழியின் ஈரத்தில் விதையாய்க் கிடந்து என்றேனும் ஒருநாள் முளைக்கிறது. சுற்றிலும் அம்மொழியின் ஓசையே இல்லாத ஊரில் உருப்போட்ட ஆங்கிலச் செய்யுளுக்கு அந்த ஈரம் இல்லை. தேர்வு முடிந்த மாலையே அது உதிர்ந்துவிடுகிறது.

இதன் விலையைக் கொடுப்பவர் யார்? வீட்டில் ஆங்கில நாளிதழும் பேச்சும் உள்ள பிள்ளைக்குத் தேர்வு எப்படி இருந்தாலும் மொழி வந்துவிடும். பள்ளியைத் தவிர வேறு வாசல் இல்லாத முதல் தலைமுறை மாணவிக்கோ, தனக்கு மொழி வரவில்லை என்ற செய்தியைக்கூட இத்தேர்வு சொல்வதில்லை. தொண்ணூறு வாங்கியவள் கல்லூரி வகுப்பில் வாயடைத்து நிற்கும்போது, குறை தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறாள். பிறகு தந்தையின் கூலிப் பணத்தில் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்பைத் தேடிப் போகிறாள். வெளிநாடு செல்ல முனைவோர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு, கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. பேச்சுக்கு மட்டும் 11 முதல் 14 நிமிடம் வரை ஒதுக்குகிறது. பணம் கட்டுபவருக்குக் கிடைக்கும் நேர்மையான அளவுகோல், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

ஆங்கில மதிப்பெண் இந்நாட்டில் ஆங்கிலத்தோடு நிற்பதும் இல்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார் என்பதை யாவரும் அறிவர். தலைவிதியைத் தீர்மானிக்கும் எண் குறைந்தபட்சம் உண்மையையாவது அளக்கட்டும் என்பதே நம் கோரிக்கை.

பேச்சுத் தேர்வு நடைமுறைக்கு ஒவ்வாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு எழுதுவோர் ஏறத்தாழ 9 இலட்சம் பேர். பள்ளிகள் 12,000க்கும் மேல். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் 75,000 மணி நேரம். சராசரியாகப் பள்ளிக்கு ஆறு மணி நேரம். அதாவது ஒரே நாள் வேலை. அறிவியலுக்கு 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வு நடத்தத் தெரிந்த நமக்கு மொழியின் செய்முறையை நடத்தத் தெரியாதா?

சொந்தப் பள்ளி ஆசிரியரே மதிப்பெண் இட்டால் அது அன்பளிப்பாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடங்களில் முன்பு இருந்த கேட்டல், பேசுதல் திறன் தேர்வு இன்று எவர் நினைவிலும் ஒரு தேர்வாகப் பதிந்திருக்கவில்லை. ஆகவே பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் வந்து மதிப்பிடட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. பேச்சுத் தேர்வு மிக எளிதில் வர்க்கத் தேர்வாகிவிடும். கான்வென்ட் உச்சரிப்புக்குப் பத்தும், கரிசல்காட்டு உச்சரிப்புக்கு மூன்றும் விழுமானால் இருக்கும் தீமையே மேல். எனவே அளக்கவேண்டியது இரண்டுதான்: சொன்னது இவருக்குப் புரிந்ததா, இவர் சொல்வது நமக்குப் புரிகிறதா. கேட்கும் பொருளும் அவர் உலகத்ததாக இருக்கட்டும். விமான நிலையம் வேண்டாம், ஊர்ச் சந்தை போதும்.

முதலில் பத்து மதிப்பெண்ணுக்குத் தொடங்கலாம். பாடநூலுக்கு வெளியிலிருந்து தரும் பத்தியின் பங்கை உயர்த்தலாம். நான்கு திறன்களையும் மதிப்பெண் பட்டியலில் தனித்தனியே அச்சிடலாம். அதனாலேயே எல்லாரும் ஆங்கிலம் பேசிவிடுவார்கள் என்ற மயக்கம் நமக்கு இல்லை. ஆனால் தேர்வில் கேட்காத எதையும் நம் வகுப்பறைகள் கற்பிப்பதில்லை என்பது அனுபவம். தேர்வுக்குச் செவி முளைத்தால் வகுப்பறைக்கு வாய் முளைக்கும்.

இவ்வளவையும் தமிழ் படித்தவர்கள் ஏன் சொல்லவேண்டும் என்று கேட்கலாம். தமிழ்த் தாளும் இதே நோயில்தான் கிடக்கிறது. அதை அடுத்து எழுதவேண்டும்.