இரண்டு அங்குல ஆசை

ஹைதராபாத்தின் ராமச்சந்திராபுரத்தில் 'பெல்' குடியிருப்பைத் தாண்டி மும்பை நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் பட்டான்செரு. அங்கே 1972ல் தொடங்கப்பட்ட 'இக்ரிசாட்' ஆய்வு நிலைய வளாகத்தில் செம்மண்ணும் கரிசலும் அருகருகே கிடக்கின்றன. வேளாண் விஞ்ஞானிகளுக்கு அது வசதி. மழைக்காலத்தில் மண் பாதையில் கார் ஓட்டுபவருக்கோ பரீட்சை. செம்மண் வழிவிடும், கரிசல் டயரைக் கவ்விக்கொண்டு விடாது. கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ராமச்சந்திராபுரத்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், 2005ல் வாங்கிய செவர்லே ஃபாரஸ்டரை இன்னமும் விடாமல் வைத்திருக்கிறார். பெயர்தான் செவர்லே, உள்ளே இருப்பது ஜப்பானிய சுபாரு. சுபாருவைத் தயாரித்த ஃப்யூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது 20 சதவீதப் பங்கு வைத்திருந்தது. 2005ல் அதை விற்றது. 2017 முடிவில் செவர்லே விற்பனையே இந்தியாவில் நின்றுபோனது. நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சக்தி போகும் அந்த வேகன் மட்டும் நண்பர் வாசலில் நிற்கிறது.

விக்காராபாத் பக்கம் அனந்தகிரி மலையடிவாரத்து மண் பாதைகளில் அதை ஓட்டிப் பார்க்க அவருக்கு ஆசை. "இரண்டு அங்குலம் தூக்கிடலாம் சார், பெரிய டயர், முன்னால் கனமான இரும்புக் கம்பி" என்று பட்டியல் போட்டுவிட்டார் மெக்கானிக். செய்யலாமா என்று கேட்டார் நண்பர்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்த முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்கிறது. முன்பக்க இரும்புக் கம்பிகளுக்கு எதிராக மத்திய அரசு 2017லேயே உத்தரவிட்டது. 15 ஆண்டுகள் கடந்த கார் 5 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அங்கே ஆய்வாளர் கண்ணில் படப்போவது இந்த இரண்டு அங்குலம்தான்.

அடுத்து இயந்திரம். ஸ்பிரிங்குக்கு மேல் துண்டு வைத்துத் தூக்கினால் சக்கரத்துக்குப் போகும் தண்டின் கோணம் கூடும். அதன் மூட்டும் ரப்பர் உறையும் சீக்கிரம் தேயும். பளு மையம் உயர்வதால் வளைவில் வண்டி அதிகம் சாயும். கிளட்ச் வகை ஃபாரஸ்டரில் முன், பின் அச்சுகளுக்கு இடையே சிலிக்கான் திரவம் நிறைந்த இணைப்பு இருக்கிறது. நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்மானத்தில் இல்லாவிட்டால் அது ஓயாமல் உழைத்துச் சூடாகிப் பழுதாகும். உதிரி பாகம் தேடுவதே பெரும்பாடான காருக்கு அது பெரிய செலவு.

பெரிய டயர் தரும் லாபமும் சொற்பம். 215/60 அளவு 16 அங்குல டயரை 215/65 ஆக மாற்றினால் வண்டி உயர்வது சுமார் ஒரு சென்டிமீட்டர். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 62.

அப்படியானால் என்ன செய்யலாம்? தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே, கரடுமுரடான பள்ளங்கள் கொண்ட நான்கு புது டயர்கள். தளர்ந்த ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாற்றினாலே உட்கார்ந்துபோன கார் இழந்த உயரம் திரும்பும். அடிப்பக்கத் தகடு ஆட்டம் காணாமல் இருக்கட்டும். நல்ல இழுவைக் கயிறு, காற்றடிக்கும் பம்ப், பிரஷர் மீட்டர் மூன்றும் டிக்கியில் இருக்கட்டும். இளகிய மண்ணில் காற்றை 20 பவுண்டு வரை குறைத்து மெதுவாக ஓட்டலாம். தார்ச் சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்ப மறக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழையவே கூடாது.

இன்னொன்று. ஃபாரஸ்டருக்கு ஜிப்ஸி போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாறை ஏறுவது அதன் வேலையல்ல. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அந்த அச்சின் சக்தி அங்கேயே வீணாகும். இறங்கி நடந்து பாதையைப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் திரும்பிவிடுவதே உத்தமம்.

நண்பர் டயரும் ஷாக் அப்சார்பரும் மாற்றிக்கொண்டார். மிச்சப் பணத்தைப் பதிவுப் புதுப்பிப்புக்கு எடுத்துவைத்தார். சென்ற மழையில் கரிசலைக் கண்டதும் காரைத் திருப்பியவர், "இரண்டு அங்குலம் ஏற்றியிருந்தால் தைரியமாக உள்ளே போய் மாட்டியிருப்பேன்" என்றார்.