நாணில்லாப் பாவை

திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அதன் இறுதிக் குறளில் சற்று நேரம் தங்கி நிற்பது என் வழக்கம். உள்ளத்திலே நாணமில்லாதவர் உலகில் நடமாடுவது, மரப்பாவையொன்று கயிற்றின் வலியால் உயிருள்ளதுபோலக் காட்டி மயக்குவதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. நாண் என்னும் ஒரே சொல் வெட்கத்தையும் கயிற்றையும் குறித்து நிற்கும் நயத்தை எடுத்துக் காட்டினால் மாணவர் முகம் மலரும். அகத்தே நாண் இல்லாதவனைப் புறத்தே ஒரு நாண் ஆட்டுகிறது. இரவு அதிகாரத்திலும் மரப்பாவை வருகிறது; கல்லாமை அதிகாரத்தில் மண்ணாற் புனைந்த பாவை வருகிறது. மூன்றிடத்தும் பாவைக்குப் பெருமையில்லை. உயிரின்மைக்கும் அறிவின்மைக்குமே அஃது உவமையாயிற்று.

முப்பது ஆண்டுகளாக இப்படியே சொல்லி வந்த எனக்கு, பாவையின் பக்கம் நின்று வழக்குரைக்கும் ஒரு படத்தைப் பார்க்கும் வாய்ப்பு அண்மையிற் கிட்டியது. மெக்சிக்கோ நாட்டவரான கியெர்மோ டெல் டோரோ, மார்க் குஸ்டாஃப்சன் என்பாரோடு சேர்ந்து நெறியாள்கை செய்து 2022ஆம் ஆண்டு வெளியிட்ட 'பினோக்கியோ' அது. மறு ஆண்டு அசைவூட்டப் படங்களுக்குரிய ஒஸ்கார் விருதையும் பெற்றது. தாளில் வரைந்த சித்திரமன்று. உண்மைப் பாவைகளே நடித்த இசைப்படம். பாவையின் கையை எள்ளளவு நகர்த்தி ஒரு படம் பிடிப்பது, மீண்டும் எள்ளளவு நகர்த்தி இன்னொரு படம் பிடிப்பது. ஒரு விநாடிக்கு இத்தகைய படங்கள் 24 வரை வேண்டும். ஆயிரம் நாள்கள் படப்பிடிப்பு நடந்ததாம். நம் பொம்மலாட்டத்தில் கயிறு பிடிப்பவர் கறுப்புத் திரைக்குப் பின்னே நிற்பார். இங்கே அவர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலே மறைந்து நிற்கிறார். தொழில் ஒன்றுதான்.

மூலக் கதை பலரும் அறிந்தது. இத்தாலியரான கார்லோ கொலோடி 1881 முதல் 1883 வரை சிறுவர் பத்திரிகையொன்றில் தொடராக எழுதிப் பின்னர் நூலாக்கினார். ஏழைத் தச்சர் செப்பெத்தோ மரத்திலே ஒரு பிள்ளையைச் செதுக்குகிறார். அது சொற்கேளாமல் ஓடுகிறது, பொய் சொல்கிறது, பள்ளியை விட்டு விளையாட்டு நாட்டுக்குப் போய்க் கழுதையாகிறது. பட்டுத் திருந்தி, முடிவில் மெய்ப்பிள்ளையாகிறது. இந்தக் கதையைப் பள்ளிக் காலைக் கூட்டங்களில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொன்ன சொல் கேட்டால் மனிதனாவாய், கேளாவிட்டால் கட்டையாகவே கிடப்பாய் என்பதே நான் அதிலிருந்து பிழிந்தெடுத்த சாரம்.

ஆனால் நூலின் கடைசிப் பக்கத்தில் ஒரு காட்சி உண்டு. மெய்ப்பிள்ளையான பினோக்கியோ, தன் பழைய மர உடம்பு ஒரு நாற்காலியில் தலை சாய்ந்து, கைகள் தொங்க, கால்கள் துவளச் சார்த்தி வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறான். பாவையாக இருந்தபோது எவ்வளவு நகைப்புக்கிடமாக இருந்தேன் என்று எண்ணி மகிழ்கிறான். இந்தக் காட்சியை நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. ஏன் சொல்லாமல் விட்டேன் என்று அந்நாளில் கேட்டிருந்தால் விடை கூற அறியேன். தீயிற் கால் கருகி, கடலில் மிதந்து, தந்தையை மீட்டு வந்தது அந்தக் கட்டைதானே? அதைப் பார்த்துச் சிரிப்பதற்கு இந்தப் புதுப் பிள்ளை யார்?

படம் இந்த இடத்திலேதான் கொலோடியோடு முரண்படுகிறது. செப்பெத்தோவுக்கு முன்னரே ஒரு மகன் இருக்கிறான், பெயர் கார்லோ. முதலாம் உலகப் போரில் தேவாலயத்தின்மீது விழுந்த குண்டிலே அவன் மாண்டுபோகிறான். அவன் கல்லறையருகே வளர்ந்த பைன் மரத்தைத் தந்தை குடிவெறியில் வெட்டி, இறந்த மகனைப் போலொரு பாவை செய்கிறார். உயிர்பெற்ற பாவையோ கார்லோவாக இல்லை. அடங்காததாய், கேள்வி கேட்பதாய், ஆணிகள் துருத்திய உடம்போடு அலைகிறது. தேவாலயத்தில் தொங்கும் மரச் சிலுவையுருவைப் பார்த்து, இவரும் மரந்தானே, இவரை நேசிக்கும் மக்கள் என்னை ஏன் வெறுக்கிறார்கள் என்று தந்தையைக் கேட்கிறது. இக்கேள்விக்கு அந்தத் தச்சரிடம் விடையில்லை. வேத வகுப்பெடுக்கும் பலரிடமும் இராது.

கதை முசோலினியின் காலத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. உன்னை ஆட்டுவிப்பவர் யார் என்று ஊரதிகாரி பாவையைக் கேட்கிறார். உம்மை ஆட்டுவிப்பவர் யார் என்று பாவை திருப்பிக் கேட்கிறது. அந்த ஊரிலே கயிறு கண்ணுக்குத் தெரியாமல் எல்லார் கையிலும் கட்டப்பட்டிருக்கிறது. ஒருவன் கை உயர்த்தினால் அத்தனை கையும் உயர்கின்றன. மரத்தாலான ஒருவனுக்கு மாத்திரமே கயிறில்லை. வள்ளுவர் சொன்ன மரப்பாவை எது என்று படம் பார்த்துக்கொண்டிருந்த என்னுள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது அப்பொழுதுதான்.

இன்னொரு மாற்றம் இதனினும் கூரியது. கொலோடியின் நூலில், பள்ளியை வெறுத்து விளையாட்டு நாட்டுக்கு ஓடிய சிறுவர்கள் கழுதைகளாகிறார்கள். படத்தில் விளையாட்டு நாடு இல்லை. படைப்பயிற்சி முகாம் இருக்கிறது. அங்கே கழுதையாவதற்கு ஒப்பான கதி, சொன்னபடி செய்யும் நல்ல பிள்ளைகளுக்கே நேர்கிறது. அந்த ஊரதிகாரி தன் சொந்த மகனிடம், அவனோடு தோழமை கொண்ட பாவையைச் சுடுமாறு பணிக்கிறார். மகன் மறுக்கிறான். கீழ்ப்படியாமை ஒரு பிள்ளையை மனிதனாக்கியதை நான் அந்தக் காட்சியிலே கண்டேன். காலைக் கூட்டங்களில் நான் பிழிந்தெடுத்த சாரம் என்னைப் பார்த்து நகைத்தது.

விடுமுறை நாளொன்றில், டயகமவில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் பதினைந்து பேர் வரையில் கூட்டிவைத்து, மகளின் மடிக்கணினியில் இந்தப் படத்தைக் காட்டினேன். வெளியே ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து இறங்கிய பனிமூட்டம். உள்ளே ஆங்கில வசனம் வரவர நான் தமிழிற் சொல்லிக்கொண்டிருந்தேன். முசோலினியின் முன்னிலையில் பாவை பாடும் ஏளனப் பாட்டில் மலசலகூடத்துக்குரிய சொற்கள் மிகுதி. பண்டிதன் வாயால் அவற்றை எங்ஙனம் மொழிபெயர்ப்பது? நான் தடுமாறி நின்றேன். பிள்ளைகளோ மொழிபெயர்ப்புக்குக் காத்திராமலே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

படம் முடிந்ததும் ஒரு சிறுவன், "சேர், இவன் கடைசி வரைக்கும் நெசப் பையனா மாறவே இல்லியே?" என்றான். நான் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ஒரு சிறுமி, "அவங்கப்பாவுக்கு இவனே போதும்னு ஆயிருச்சே, பொறகு எதுக்கு மாறணும்?" என்றாள். நான் எழுத நினைத்த கட்டுரையை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

இந்தப் படம் சிறுவர்க்கு உகந்ததன்று என்பார் உளர். எங்கள் ஆசிரியர் ஒருவரும் அதனையே சொன்னார். போர், கல்லறை, சாவு, தீ எல்லாம் வருகின்றன. பிஞ்சு நெஞ்சங்கள் தாங்குமா என்பது அவர் கவலை. அவருக்கு நான் காமன் கூத்தை நினைவூட்டினேன். மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் ஊன்றி, சிவனார் விழித் தீயில் மன்மதன் எரிவதும், ரதி தலைவிரித்துப் புலம்புவதும், எரிந்தவன் மீண்டெழுவதும் விடிய விடிய நடக்கின்றன. முன்வரிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்கொட்டாமல் இருப்பவர்கள் யார்? இந்தப் பிள்ளைகளே. கொலோடியும் சிறுவரை ஏமாற்றியவரல்லர். தொடரை முதலில் அவர் நிறுத்தியது, கள்வர் பாவையை மரத்தில் தூக்கிலிடும் பதினைந்தாம் அதிகாரத்தோடு. தொடர் பின்னர் மறுபடி தொடங்கியதாலேயே பினோக்கியோ பிழைத்தான்.

அன்றியும், எங்கள் பிள்ளைகளுக்குச் சாவை மறைத்துவைக்க நாம் யார்? டயகமவிலிருந்து தலைநகருக்கு வீட்டுவேலைக்குப் போன ஒரு சிறுமி 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எரிகாயங்களோடு மருத்துவமனையில் இறந்தாள். வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்திய சட்டம் அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் வந்திருந்தது. அச்செய்தியை இங்கே விரித்துரைக்க என் பேனா இடந்தரவில்லை. படத்திலே, பள்ளிக்குப் புறப்பட்ட பாவையைக் கூத்துக்காரன் ஒருவன் இடைமறித்து, இனிக்க இனிக்கப் பேசி ஒப்பந்தத்தில் ஒப்பமிடச் செய்கிறான். என்ன எழுதியிருக்கிறதென்று அதற்குத் தெரியாது. கடனைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. நம் முன்னோர் கைந்நாட்டு வைத்த கதையெல்லாம் எனக்கு அந்தக் காட்சியில் எழுந்து வந்தது. பாவை சாகுந்தோறும் மறுவுலகில் ஒரு மணற்கடிகை ஓடி முடிய மீண்டும் எழுந்து வருகிறது. இறுதியில், மூழ்கும் தந்தையைக் காப்பாற்றுவதற்கு உடனே திரும்பவேண்டி அந்தக் கடிகையைத் தானே உடைக்கிறது. இனி இறந்தால் மீட்சியில்லை. அந்தக் காட்சியில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு பிள்ளையும் அசையவில்லை.

இசையைப் பற்றியும் ஒரு சொல். அலெக்ஸாந்தர் தெஸ்பிளா பித்தளைக் கருவிகளை விலக்கி, மரத்தாலான வாத்தியங்களைக் கொண்டே பின்னணி அமைத்தாராம். மரப்பிள்ளையின் கதைக்கு மரத்தின் குரல்! தந்தையைப் பிரியும்போது பாவை பாடும் விடைப்பாட்டு நெஞ்சிலே தங்குகிறது. மற்றைப் பாட்டுகள் அப்படித் தங்கவில்லை. இசைப்படம் என்று சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடங்கிய வேகத்திலேயே நறுக்கிவிடுகிறார்கள். கூத்தில் ஒரு தருவை நான்கு முறை மடக்கிப் பாடக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது போதாது.

ஆயினும் என் பெருங்குறை வேறு. கொலோடியின் நூல் பசியிலும் குளிரிலும் பிறந்தது. செப்பெத்தோ தம் காலை உணவான மூன்று பேரிக்காய்களையும் பாவைக்குக் கொடுக்கிறார். தோலைச் சீவித் தந்தால்தான் உண்பேன் என்று அடம்பிடித்த அது, பசி மிஞ்சத் தோலையும் நடுக்கட்டையையும் சேர்த்துத் தின்கிறது. அடுத்த அதிகாரத்தில் அரிச்சுவடி வாங்கக் காசில்லை. செப்பெத்தோ ஒட்டுப் போட்ட தம் பழைய மேற்சட்டையை அணிந்துகொண்டு வெளியே போகிறார். புத்தகத்தோடு திரும்பும்போது சட்டையில்லை. வெளியே பனி கொட்டுகிறது. சட்டை எங்கே என்று மகன் கேட்க, விற்றுவிட்டேன், புழுக்கமாக இருந்தது என்கிறார். உலகச் சிறுவர் இலக்கியத்தில் இதற்கு ஈடான இடம் சிலவே உண்டு. போரையும் கொடுங்கோலையும் கொண்டுவந்த படத்தில் இந்தச் சட்டைக்கு இடமில்லாமற் போயிற்று. நான் பார்த்த சுருக்கப் பதிப்புகளும் இதை இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன.

ஆகையால் மறு வாரம் அதே பிள்ளைகளை அழைத்து, அந்த அதிகாரத்தை மட்டும் எனக்கியன்ற தமிழிற் சொன்னேன். அந்தப் பாவை பின்னர் அரிச்சுவடியை நான்கு காசுக்கு விற்றுப் பொம்மலாட்டம் பார்க்கப் போனதையும் மறைக்கவில்லை.

"அந்தச் சட்டைய திருப்பி வாங்கிக் குடுத்தானா சேர்?" என்று முன்பு கேட்ட சிறுவனே கேட்டான்.

"பிறகு ஐந்து பொற்காசு கிடைத்ததும், வைரப் பொத்தான் வைத்த புதுச் சட்டை வாங்கிக் கொடுப்பேன் என்றுதான் புறப்பட்டான். வழியில் நரியும் பூனையும் ஏமாற்றிவிட்டன."

அவன் சற்று நேரம் யோசித்தான். "அப்ப அவரு அந்தக் குளிருக்கு என்ன சேர் செஞ்சாரு?"