எல்லைக்கோடு காலி செய்த ஊர்

நெவாடாவின் செயின்ட் தாமஸ் என்றாலே, ஹூவர் அணை மூழ்கடித்த ஊர் என்பார்கள். 1938-இல் அந்த அணை தேக்கிய மீட் ஏரி அதை விழுங்கியது உண்மைதான். ஆனால் மார்மன் மதத்தினர் 1865-இல் அமைத்த அந்த ஊரை முதலில் காலி செய்தது தண்ணீரல்ல, நில அளவை. யூட்டாவுக்கு வரி கட்டிவந்தவர்கள் இருப்பது நெவாடா மண்ணில் என்று 1870-இல் தெரிந்தது. உடனே நெவாடா அதிகாரிகள் வரியைப் பழைய பாக்கியையும் சேர்த்துத் தங்க நாணயமாக எடுத்துவைக்கச் சொன்னார்கள். தானியமும் பருத்தியும் விளைவித்தவர்களிடம் தங்கம் ஏது? 1871-இல் ஒரு குடும்பம் தவிர ஊரே வண்டி கட்டியது. வெயிலும் காய்ச்சலும்தான் விரட்டின, வரி வெறும் சாக்கு என்று வாதிடலாம். மார்மன்களின் தலைவர் பிரிகாம் யங்குக்கே அந்த இடம் பிடிக்கவில்லை. என்றாலும் அதே வெயிலில்தான் ஆறு ஆண்டுகள் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தார்கள். 1880-களில் வேறு மார்மன்கள் அங்கேயே வந்து குடியேறினார்கள். அதற்குள் வெயில் ஒன்றும் தணிந்துவிடவில்லை.