வலைக்கண் சிறுத்தது, கடல் வெறுமையானது!

கட்டுமரம் என்னும் சொல்லை உலகுக்கு ஈந்தவன் தமிழன். ஆங்கிலன் இன்றும் அச் சொல்லையே திரித்து வழங்குகின்றான். அத்துணைக் கடலறிவு வாய்ந்த ஓர் இனம், தன் கடலைத் தானே துடைத்தெடுக்கும் இழிவை எவ்வாறு பொறுப்பது?

1960-களில் நம் கரையெங்கும் பரவத் தொடங்கிய இழுவைப்படகு, கடலடியை வாரிச் செல்வது. அதன் வலைக் கடைசியில் மீனெல்லாம் வந்து சேரும் இடமே மடி. வழக்கமாகப் பின்னப்படும் சாய்கட்டக் கண், படகு இழுக்க இழுக்க, மீன் நிறைய நிறைய, நீண்டு ஒடுங்கி மூடிக்கொள்கின்றது. நேர்கட்டக் கண்ணோ இழுவையிலும் திறந்தே நிற்கும். சிறுமீன் நழுவிப் பிழைக்கும். இவ் வேறுபாடு தெரிந்தே, மடிக்கண் 40 மி.மீ. நேர்கட்டமாக இருத்தல் வேண்டும் எனத் தமிழக அரசு 2020-இல் விதி வகுத்தது.

விதி ஏட்டில் உள்ளது, மடியில் உள்ளதா? துறைமுகங்களிற் குவியும் சங்காயத்தைப் பாருங்கள்! சங்கராக் குஞ்சும் சீலாக் குஞ்சும் கணவாய்க் குஞ்சும் மீன்மா ஆலைக்குப் போகின்றன. நாளை நல்விலைக்குப் போகவேண்டிய மீனை இன்று குப்பை விலைக்குத் தள்ளுவதற்குப் பெயர் தொழிலா?

“கண்ணை விரித்தால் மீன்பாடு குறையும், எரிநெய்க்குக் காசு யார் தருவார்?” எனக் கேட்பர் படகுடையார். குறையும், அதை நாம் மறைக்கவில்லை. முதலிற் குறைவன சிறுமீனும் சிற்றிறாலும். ஆனால், தப்பிய குஞ்சு வளர்ந்து, முட்டையிட்டு, எடையும் விலையும் கூடி மீண்டும் வலைக்கே வரும். ஒருவன் மட்டும் விரித்தால் அவன் இழப்பான். அனைவரும் விரித்தால் அனைவரும் பெறுவர். ஆகவே, விதி எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும். புது மடிக்காகும் செலவையும் இடைக்கால இழப்பையும் அரசே ஏற்றல் வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் படகைக் கட்டிவைத்து மீனைப் பெருகவிட்டு, 62-ஆம் நாள் அதன் குஞ்சையே அள்ளுவது என்ன அறிவுடைமை?

தன் கடல் வற்றியதால் படகு எல்லை கடக்கின்றது. 1974-இல் கச்சத்தீவைத் தாரைவார்த்த தில்லியை நாம் மன்னிக்கவில்லை. சிங்களக் கடற்படையின் கொடுமையை எதிர்த்தோம், இனியும் எதிர்ப்போம். ஆயினும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: நம் இழுவைமடி அங்கே அறுப்பது யார் வலையை? போரில் நொந்து, கரைக்கு மீண்டு, கடன்பட்டு வலை வாங்கிய யாழ்ப்பாண, மன்னார்த் தமிழனின் வலையை அன்றோ! இலங்கையில் 2017-இலேயே இழுவைமடி தடைசெய்யப்பட்டுவிட்டது. தமிழன் வலையைத் தமிழனே அறுத்துவிட்டு மேடையில் இன ஒற்றுமை முழங்குவது நாணத்தக்க செயல்.

பிறன் பறித்ததை மீட்கப் போராடும் இனம், தன் கையால் அழிப்பதை முதலில் நிறுத்தட்டும். நெய்தல் நிலத்து இளைஞனே, வலைக்கண்ணை விரி! உன் பிள்ளைக்கும் கடல் வேண்டும்!