எல்லா மண்ணும் மேனிக்கு மருந்தா?

காஞ்சி மாநகரை அடுத்து, வேகவதியாற்றின் அருகே, சமணக் கோயில்களுக்கும் பட்டுத் தறிகளுக்கும் பேர்பெற்ற திருப்பருத்திக்குன்றத்திலும், பொதுவாக நம் நாடெங்கும், படித்தவரும் பாமரரும் ஒருங்கே நம்பும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. முல்தானி மட்டி முதலிய களிமண் வகைகள் பூமாதேவி தந்தவை, ரசாயனக் கலப்பற்றவை. ஆதலால் எவரும், எவ்வளவு வேண்டுமானாலும், அஞ்சாமல் மேனியில் பூசலாம், தேகத்திலுள்ள நஞ்சையெல்லாம் அவை இழுத்துவிடும் என்பதே அது. களிமண்ணின் உபயோகத்தை நான் மறுக்கவில்லை. அந்த உபயோகத்தின் மேல் ஏற்றிவைக்கப்பட்டிருக்கும் இந்த அளவுகடந்த நம்பிக்கையையே மறுக்கிறேன்.

முதலாவதாக, மண்ணெல்லாம் ஒன்றே என்று பேசுவது நெசவூரார் அறிந்த உண்மைக்கே விரோதமானது. கச்சாப் பட்டைச் சாயமிடுமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அவித்து, அதன் எடையில் ஏறத்தாழக் கால்பங்காக உள்ள பசையைக் கரைத்தெடுப்பது வழக்கம். அந்தப் பசை ஒரு புரதம், அதைக் கரைப்பது காரம். முற்காலத்தில் சலவைத் தொழிலாளர் வெள்ளாவி வைக்குமுன் துணியில் ஏற்றிய உவர்மண்ணும் அதே காரத்தினால்தான் அழுக்கை நீக்கிற்று. அதை முகத்தில் தேய்த்தால், சருமத்துக்கு இயல்பாயுள்ள மெல்லிய அமிலத்தன்மை குலைந்து எரிச்சலே மிஞ்சும். முல்தானி மட்டியோ காரத்தால் அன்று, ஏடு ஏடாக அடுக்கப்பெற்ற நுண்துகள்களின் பரந்த மேற்பரப்பினால் எண்ணெய்ப் பசையைப் பற்றிக்கொள்கிறது. கேயோலின் என்னும் வெண்களிமண்ணின் ஏடுகள் நீரேற்று விரிவதில்லை. ஆகவே அது மென்மையாக உறிஞ்சும், வறண்ட சருமத்துக்கும் பெரும்பாலும் இணங்கும். பென்டோனைட்டோ நீரைக் குடித்துப் பன்மடங்கு பருக்கும். ஒரே பெயரால் அழைக்கப்படுவதனாலேயே இவை ஒரே சுபாவமுடையவை ஆகிவிடா.

நஞ்சை இழுக்கும் என்ற வாதத்தில் பாதி உண்மை இருப்பதனாலேயே அது அபாயகரமானது. பட்டுப்புடவையில் எண்ணெய்க்கறை பட்டால், நம் வீட்டுப் பெண்கள் அதன்மேல் முகப்பவுடரைத் தூவிவைத்துப் பின்னர் தட்டிவிடுகிறார்கள். தூள் எண்ணெயை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் இழைக்குள் ஊறிய சாயத்தை அது தொடுவதில்லை. சருமத்தின் மேல் பூசிய களிமண்ணின் ஆற்றலும் அவ்வளவே: மேலே படிந்த எண்ணெயையும் அழுக்கையும் அது எடுக்கும், இரத்தத்தில் உள்ள கழிவை எடுக்கச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. பாராக்வாட் என்னும் களைக்கொல்லியை அருந்தியவர்களுக்கு மருத்துவர்கள் இவ்வகை மண்ணைக் கரைத்துப் புகட்டுவதுண்டு என்பது மெய்தான். ஆயினும் அங்கே மண் குடலுக்குள் சென்று நஞ்சை நேரே சந்திக்கிறது. கன்னத்தில் காய்ந்து வெடிக்கும் பூச்சுக்கு அந்தச் சந்திப்பு ஒருநாளும் வாய்ப்பதில்லை.

அடுத்து, இயற்கையானது ஆகவே தீங்கற்றது என்பது. களிமண்ணும் சிலிக்காவும் அலுமினாவும் நீரும் கூடிய ரசாயன வஸ்துவே. பூமி அதனோடு ஈயத்தையும் ஆர்செனிக்கையும் குவார்ட்சுத் தூளையும் கலந்து தருவதுண்டு. 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இரண்டு பென்டோனைட் பொருள்களில் ஈயம் மிகுந்திருந்ததைக் கண்டு பொதுமக்களை எச்சரித்தது. ஈயம் பழுதற்ற தோலின் வழியே எளிதில் புகுவதில்லை. விரலைச் சூப்பும் குழந்தைக்கும், கர்ப்பகாலத்து ஆவலால் மண்ணை உண்ணும் தாய்க்கும் அது வாய்வழியே புகுகிறது. பொடியைச் சுவாசிப்பது வேறோர் ஆபத்து: களிமண்ணின் உறவான டால்க்கை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2024-இல் சேர்த்திருக்கிறது. சுத்திகரிக்கப்படாத மண்ணில் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் உறங்கிக் கிடக்கக்கூடும். புண்ணிலும் பச்சிளங்குழந்தையின் கொப்பூழிலும் மண்ணை அப்புவதைப்போல் கொடிய அறியாமை வேறில்லை.

மண்ணைச் சோதித்துப் பார்ப்பது மண்ணை அவமதிப்பது ஆகாதா என்று சிலர் மனம் நோகிறார்கள். மண் சிகிச்சையைப் பெரிதும் போற்றிய மகாத்மா காந்தியே, மண்ணைச் சலிக்க வேண்டும், தூய்மையில் ஐயமிருந்தால் நன்கு சூடாக்கிய பின்னரே உபயோகிக்க வேண்டும் என்று எழுதினார். காஞ்சியில் ஏகாம்பரநாதரின் பிருதிவி லிங்கம் மண்ணாலானது என்பதனாலேயே அத்திருமேனிக்கு நீரபிஷேகம் செய்யாமல் காத்து வருகிறார்கள். பொருளின் இயல்பை அறிந்து அதற்கேற்ப நடப்பதும் பக்தியின் பாற்பட்டதே.

ஆகையால், எண்ணெய் வழியும் முகமுடையவர் சுத்திகரித்த முல்தானி மட்டியை வாரத்துக்கு ஒருமுறை குழைத்துப் பூசி, முற்றிலும் காய்ந்து தோல் இறுகுமுன் கழுவிக்கொள்வதில் ஆட்சேபம் ஏதுமில்லை. ஆனால் பொட்டலத்தை வாங்குமுன், அந்த மண் எங்கே வெட்டப்பட்டது, கிருமி நீக்கப்பட்டதா, ஈயமும் ஆர்செனிக்கும் அளந்து பார்க்கப்பட்டனவா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். விடையில்லாத பொட்டலத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.