அழகாக ஒட்டிய படம், ஓடாத இறுவட்டு

இடம்பெயர்ந்த எம்மவர் வீடுகளில் பழைய புகைப்பட அல்பங்களைக் காண்பது அரிது. ஓடிய ஓட்டத்தில் பிள்ளைகளையும் காணி உறுதியையும் கொஞ்ச அரிசியையும் தூக்கியவர்களுக்கு அல்பத்தைத் தூக்கக் கை இருக்கவில்லை. தூக்கியவர்களும் வழியில் எங்கோ இறக்கி வைத்துவிட்டார்கள். 2009ஆம் ஆண்டின் பின்னர், வெளிநாடுகளில் இருந்த உறவினர்கள் தம்மிடம் தப்பியிருந்த கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோக்களை டி.வி.டி. இறுவட்டுகளில் பதிந்து அனுப்பினார்கள். இறந்துபோன தகப்பனின் முகமும், இல்லாமற்போன வீட்டின் முற்றமும் அந்த ஒரேயொரு வட்டில் மட்டுமே இருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன.

எமது வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. தங்கையின் கலியாண வீடு. வட்டின் மேல் மணமக்களின் வண்ணப்படம் அச்சிட்ட ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. முதல் வருடம் முழுவதும் நன்றாக ஓடியது. பிறகு கடைசிப் பகுதி மட்டும் திக்கத் தொடங்கியது. படம் சிறு சிறு சதுரங்களாக உடையும், அப்படியே நின்றுவிடும். பந்தியில் ஐயா ஓடியோடிப் பரிமாறும் காட்சி அங்கேதான் இருந்தது. நாம் டி.வி.டி. பிளேயரைக் குறை கூறினோம். கடன்பட்டு வேறொன்று வாங்கினோம். அதிலும் அதே கதைதான். குற்றம் பிளேயரில் அல்ல, நாம் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த அந்த ஸ்ரிக்கரிலும் அதன் கீழிருந்த மலிவு வட்டிலும்தான் இருந்தது.

காரணம் விளங்காத புதிர் அல்ல. டி.வி.டி. என்பது ஒரே தட்டு அல்ல. ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்ரிக் தட்டுகளைப் பசையால் ஒட்டியே அது செய்யப்படுகிறது. நாம் பதியும் வட்டில் அவற்றுக்கு நடுவே ஒரு சாயப் படலமும், ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் படலமும் உள்ளன. அதிலுள்ள பதிவுத் தடங்களின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. பழைய சீ.டி.யில் இருந்த இடைவெளியின் அரைவாசி கூட இல்லை. ஆகவே சீ.டி. பொறுத்துக்கொண்ட கோணலை டி.வி.டி. பொறுப்பதில்லை.

இந்த வட்டு நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் சுழல்கிறது. அச்சில் சற்று விலகிப் பூட்டிய வண்டிச்சில்லு எப்படி ஆடும் என்பதை விவசாயிகளாகிய எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையால் ஒட்டிய ஸ்ரிக்கர் ஒரு நூல் விலகினாலும் வட்டு அப்படித்தான் ஆடும். அத்துடன் கடதாசி ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் சுருங்கும். ஓடும்போது பிளேயரின் உட்புறம் சூடாவதால் ஸ்ரிக்கர் ஒரு பக்கமாக இழுக்க, வட்டு மெல்ல வளைகிறது. பதிவு உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்வதால் படத்தின் கடைசிப் பகுதி விளிம்பிலேயே கிடக்கிறது. வளைவும் ஆட்டமும் அதிகமாக இருப்பதும் அங்கேதான். எனவேதான் தொடக்கம் நன்றாக ஓட, முடிவு நின்றுபோகிறது.

மலிவான வெற்று வட்டுகளில் இந்தக் கேடு இரட்டிப்பாகிறது. சாயம் சீராகப் பூசப்படாமலும், விளிம்பில் பசை ஒழுங்காகப் பிடிக்காமலும் இருப்பதுண்டு. பெட்டியில் இருக்கும் பெயர் ஒன்று, செய்த தொழிற்சாலை வேறொன்று. சாக்கில் அச்சிட்ட படத்தைப் பார்த்து விதைநெல் வாங்கியவர் முளைக்கும் நாளில் படும் பாட்டை நாம் அறிவோம். இதுவும் அப்படிப்பட்டதே.

ஸ்ரிக்கர் ஒட்டிய வட்டெல்லாம் கெட்டுவிடும் என்று நான் கூறவில்லை. இன்றும் ஓடுபவை உண்டு. ஸ்ரூடியோக்காரரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. அழகாக வேண்டும், மலிவாகவும் வேண்டும் என்று கேட்டவர்கள் நாமே. ஆனால் அமெரிக்காவின் தேசிய நியம, தொழினுட்ப நிறுவனம் 2003ஆம் ஆண்டிலேயே, டி.வி.டி.யில் ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டாம் என்று தனது கைநூலில் எழுதிவிட்டது. அதன் பின்னரும் காசு வாங்கி ஒட்டிக் கொடுத்த தொழிலாளர் தம் வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பதே எனது கருத்து. படத்தை வட்டின் மேல் ஒட்டாமல், பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருந்தால் அழகும் குறைந்திராது, பதிவும் கெட்டிராது.

இனிச் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, ஒட்டிய ஸ்ரிக்கரை உரிக்க முயலாதீர்கள். சீ.டி.யில் பதிவுப் படலம் மேற்பரப்பின் கீழேயே இருப்பதால் ஸ்ரிக்கரோடு அதுவும் உரிந்து வரும். டி.வி.டி.யிலோ தட்டு வளையும், ஒட்டிய இரண்டும் பிரியவும் கூடும். ஓரம் கிளம்பிய வட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

இரண்டாவது, பிளேயரில் நிற்கும் வட்டைக் கணினியில் போட்டுப் பாருங்கள். பிளேயர் வாசிக்க மறுத்ததைக் கணினி வாசிப்பதுண்டு. வட்டு குளிர்ந்திருக்கும்போது முயல்வது நல்லது. துடைப்பதானால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். தகரக் கூரையின் கீழும் யன்னல் வெயிலிலும் வைக்காமல், பெட்டியில் இட்டு நிமிர்த்தி வையுங்கள். பெயர் எழுதுவதானால் நுனி மென்மையான, வட்டுக்கென விற்கப்படும் பேனையால் எழுதுங்கள்.

மூன்றாவதே முக்கியமானது. வாசிக்க முடிந்த அன்றே பிரதி எடுங்கள். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரிலுள்ள உறவினரிடம் இருக்கட்டும். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து வட்டில் வைத்திருப்பவர்கள் இதை ஒருநாளும் பிற்போடலாகாது. இப்போது விற்பனைக்கு வரும் கணினிகள் பலவற்றில் இறுவட்டுப் போடும் இடமே இல்லை. இன்னும் சில வருடங்களில் நல்ல வட்டை வைத்திருப்பவரும் அதைப் போட்டுப் பார்க்க வழியின்றி நிற்பார்.

எல்லா வீட்டிலும் கணினி இல்லைதான். ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் சங்கமோ வாசிகசாலையோ உண்டு. வட்டு வாசிக்கும் பழைய கணினி ஒன்றைத் தேடி வைத்து, வாரத்தில் ஒருநாள் இளைஞர் இருவர் அமர்ந்தால், ஊரிலுள்ள வட்டுகள் யாவற்றையும் ஒரு போகத்துக்குள் பிரதி செய்துவிடலாம். விதைநெல் முழுவதையும் ஒரே சாக்கில் கட்டி வைக்காத நாம், பெற்றோரின் முகத்தை மட்டும் ஏன் ஒரே வட்டில் விட்டு வைத்திருக்கிறோம்?

ஐயா பரிமாறும் காட்சி வேறொருவரின் கணினியில், மூன்றாம் முயற்சியில் கிடைத்தது. கடைசிச் சில நிமிடங்கள் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் முந்தி முயன்றிருந்தால் ஒருவேளை அவையும் கிடைத்திருக்கும்.