ஆயிரம் ரூபா சலானா? கட்டுறதுக்கு முன்னாடி போட்டோவைப் பாருங்க

குற்றாலத்துல சாரல் ஆரம்பிச்சாச்சு. தென்காசியில இருந்து பைக்ல கிளம்புறீங்க. "அஞ்சு கிலோமீட்டர்தானே, ஹெல்மெட் எதுக்கு?" திங்கட்கிழமை ஆபீஸ்ல இருக்கும்போது போன்ல மெசேஜ் வருது: 1,000 ரூபாய் இ-சலான்.

இங்கே நம்ம ஆளுங்க ரெண்டு வகை. ஒருத்தர் பார்க்காமலே கட்டிடுவார். இன்னொருத்தர் "எவன் வந்து கேக்கப் போறான்"னு விட்டுடுவார். ரெண்டுமே தப்பு என்பது என் கருத்து. சலானும் ஒரு பில்தான். பில்லைச் சரிபார்க்காம எந்த ஆடிட்டரும் கையெழுத்து போட மாட்டார்.

முதல்ல, மெசேஜ்ல வந்த லிங்க்கைத் தொடாதீங்க. சலான்னு சொல்லி வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் அனுப்பி அக்கவுண்ட்டைக் காலி பண்ற கும்பல் இருக்கு. பரிவாஹன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், ஆர்சி புக்கைக் கையில வெச்சுக்கிட்டுத் தேடுங்க.

அப்புறம் போட்டோ. எனக்கு ஒரு தடவை ஹெல்மெட் சலான் வந்துச்சு. திறந்து பார்த்தா போட்டோவுல ஸ்கூட்டர். என்கிட்ட இருக்கறது பைக்! நம்பர்ல 3-ஐ 8-னு எடுத்திருக்காங்க. பார்க்காம கட்டியிருந்தா, செய்யாத தப்பை நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகியிருக்கும்.

2021-ல வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ படி, கேமரா மூலமா வர்ற சலான்ல நம்பர் தெரியுற போட்டோ, நாள், நேரம், இடம், மீறின சட்டப்பிரிவு எல்லாம் இருக்கணும். நோட்டீஸும் விதியில சொன்ன கெடுவுக்குள்ள அனுப்பணும். இதுல எது இடிக்குதோ அதுதான் உங்க பதில். ஸ்கிரீன்ஷாட், ஆர்சி, அன்னைக்குச் செல்லுபடியா இருந்த இன்சூரன்ஸ், வண்டி ஆபீஸ் பார்க்கிங்ல நின்ன பதிவு எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, தளத்துலயே புகார் கொடுங்க. அதுல தீரலைன்னா கோர்ட்.

ஆனா தப்பு உங்க மேலன்னா? சண்டை போடாதீங்க. சென்னையில வேலை பார்க்கிறவர் தென்காசி கோர்ட்டுக்கு வர லீவு, பஸ் காசு, வக்கீல் ஃபீஸ் எல்லாம் கூட்டிப் பாருங்க. ஆயிரத்தைத் தாண்டிடும். "தெரிஞ்ச அண்ணன் ஸ்டேஷன்ல இருக்கார்"னு போன் போடுறதும் வேண்டாம். ரசீது இல்லாம கையில திணிக்கிற இருநூறும் வேண்டாம்.

2022 அக்டோபர்ல தமிழ்நாட்டுல அபராதம் உயர்ந்ததுல இருந்து, லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 5,000. இன்சூரன்ஸ் இல்லன்னா முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. விட்டுட்டா வண்டியை விக்கும்போது பாக்கி வந்து நிக்கும். நண்பர் பைக்ல போயிருந்தா சலான் அவர் பேருக்குத்தான் போகும். அவர் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே கட்டிடுங்க.

தப்பு நம்மதுன்னா அன்னைக்கே கட்டுவோம். இல்லைன்னா ஒரு ரூபாய்கூட கட்ட வேண்டாம். ஆனா ரெண்டுக்கும் முன்னாடி அந்த போட்டோவை ஒரு தடவை பாருங்க.